கூடக் கிடைக்கும் அந்தக் காசு யாருடையது?



சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பேருந்தில் போகிறவர்கள், மரக்காணம் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "ஆகா, என்ன வெள்ளை!" என்று வியப்பார்கள். பாத்தி பாத்தியாக வெயிலில் மின்னும் அந்த வெள்ளையை வாரிக் குவித்தவனுக்குக் கண் எரிச்சலும் கால் வெடிப்பும்தான் கூலி போக மிச்சம். அதைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. இன்று பேச வந்தது ஒரு கறுப்புப் பெட்டியைப் பற்றி.

பாட்டரியைத்தான் சொல்லுகிறேன். முன்பெல்லாம் பாட்டரி என்றால் லாரிக்காரர் சமாசாரம், பஸ் கம்பெனி சமாசாரம். இன்று அப்படியா? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது. நாள் கணக்கில் ஊர்கள் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது, மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின, மறுபடியும் இருட்டு. இருட்டைக் கண்டவன் விளக்கைத் தேடுவான். கடன் வாங்கியாவது ஒரு இன்வர்ட்டர், அதற்கும் வழியில்லையென்றால் ஒரு அவசர விளக்கு. படகில் விளக்கு எரிய ஒரு பாட்டரி, லோடு ஆட்டோவைக் கிளப்ப ஒரு பாட்டரி, வயலில் மருந்தடிக்கிறவர் முதுகில் சுமக்கும் தெளிப்பானுக்குள் ஒரு பாட்டரி, செல்போன் கோபுரத்தின் அடியில் இரும்புக் கூண்டுக்குள் அடுக்கு அடுக்காகப் பாட்டரி. இவற்றில் பல, மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாத, வாய் அடைத்த பாட்டரிகள். "பராமரிப்பே தேவையில்லை" என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். உயிரோடு இருக்கிறவரையில் அது உண்மைதான். செத்த பிறகு அதற்கு எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்பதை அவ்வளவு பெரிய எழுத்தில் யாரும் அச்சடிப்பதில்லை.

அது சாவதற்கும் அதிக நாள் ஆவதில்லை. சூடு 10 டிகிரி கூடினால் வாய் அடைத்த பாட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது அதைச் செய்கிறவர்களே ஒப்புக்கொள்ளும் கணக்கு. 25 டிகிரிக்கு ஆயுள் குறித்து விற்ற பெட்டி, மரக்காணத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு உப்புக் காற்று முனைகளை அரிக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் பெட்டி பிணமாகி மூலையில் கிடக்கிறது.

பிறகுதான் கதை ஆரம்பமாகிறது. தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்கிறது.

"அண்ணே, இந்தப் பாட்டரிக்கு எவ்வளவு தருவீங்க?"

"எடை போட்டுத்தான் தம்பி. புதுசு வாங்குற கடையிலே கழிச்சுக்குவான்ல, அதைவிட இருநூறு கூடப் போட்டுத் தாரேன். தூக்கி வை."

இருநூறு ரூபாய் கூட! யார்தான் வேண்டாம் என்பார்கள்? மழைக்கால மாதங்களில் உப்பளம் படுத்துவிடும். அந்த நாட்களுக்கென்று உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டம் 2022-ல் தொடங்கியது. அதை எத்தனை வாரத்துக்கு இழுக்க முடியும் என்பது அடுப்பு ஊதுகிற தாய்மாருக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் இருநூறு ரூபாய் என்பது இரண்டு நாள் சோறு. ஆகவே அதை வாங்கியவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. கடைக்காரனால் கொடுக்க முடியாத அந்த இருநூறைப் பழைய இரும்புக்காரரால் எப்படிக் கொடுக்க முடிகிறது? அவர் தருமப் பிரபுவா? அவரும் நம்மைப் போல் அன்றாடங் காய்ச்சிதானே! அவருக்கு மேலே ஒரு வியாபாரி, அந்த வியாபாரிக்கு மேலே ஒரு உலைக்காரன். அந்த உலைக்காரன் எதையோ மிச்சம் பிடிக்கிறான். அதில் துளிதான் நம் கைக்கு வருகிறது. அவன் மிச்சம் பிடிப்பது எதை?

அதைப் புரிந்துகொள்ளப் பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியின் எடையில் 100-க்கு 60 முதல் 70 பங்கு ஈயம். இன்வர்ட்டருக்கு வைக்கும் பெரிய பெட்டி 50 கிலோவுக்கு மேல் கனக்கும். அதில் 30 கிலோவாவது ஈயம்தான். அந்த ஈயத்தில் ஒரு பகுதி சல்லடை போன்ற தகடாக இருக்கும். மறுபகுதி அந்தத் தகட்டின் கண்களில் அப்பிய பசை. இரண்டையும் நனைத்துக்கொண்டு கந்தக அமிலம். வாய் அடைத்த பாட்டரியில் அமிலம் தளதளவென்று ஆடாது. கண்ணாடி நாரால் செய்த பஞ்சிலோ கூழிலோ ஊறிக் கிடக்கும். ஆடவில்லை என்பதால் அமிலம் இல்லை என்று நினைத்துச் சுத்தியலை எடுத்தவர்கள் கைவெந்து போயிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சொல் விளக்கம் அவசியம். ஈயம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு ரசம் வைக்கிற ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். "ஈயத்தில் என்ன கெடுதல்? எங்கள் பாட்டி காலத்திலிருந்து அதில்தானே ரசம்!" என்பார்கள். அந்தச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தால். பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. பாட்டரியில் இருப்பது காரீயம். பெயரில் பாதி ஒன்று. குணத்தில் ஒன்று சோற்றுக்கு உதவும், மற்றது உயிரைக் குடிக்கும். (வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து சொம்பு செய்து விற்கிற புண்ணியவான்களும் உண்டு. அது தனிக் கதை.) இனி இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் காரீயம் என்றே கொள்க.

ஈயம் உருக 327 டிகிரி சூடு போதும். இரும்பைப் போல் ஆயிரத்து ஐந்நூறு டிகிரி வேண்டாம். கரியும் ஒரு துருத்தியும் ஒரு பழைய இரும்புச் சட்டியும் இருந்தால் எவனும் உருக்கலாம். இந்தச் சுலபம்தான் வினை. ஊருக்கு வெளியே, புதர் மறைவில், பெட்டியைக் கோடரியால் பிளக்கிறார்கள். அமிலத்தை மண்ணில் கவிழ்க்கிறார்கள். தகடுகளைச் சட்டியில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். தகடு உருகிவிடும்; ஆனால் பசை அவ்வளவு லேசில் உருகாது. அதற்கு நல்ல உலையும், இரும்புத் தூளும் சோடாவும் கரியும் கலந்து கொடுக்கிற பக்குவமும் வேண்டும். புதர் உலைக்காரனிடம் அது ஏது? பாதி ஈயத்தை எடுத்துக்கொண்டு மீதிப் பாதியைக் கசடாகவும் சாம்பலாகவும் அங்கேயே கொட்டிவிட்டு, மழை வருமுன் இடத்தைக் காலி செய்கிறான். புகையாகப் போனது போக மிச்சம் அந்த மண்ணில் உட்கார்ந்துகொள்கிறது. ஈயம் மக்காது. பத்து வருஷம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும்.

ஒழுங்கான ஆலையில் எப்படி? பெட்டியை எந்திரம் உடைக்கும். தண்ணீர்த் தொட்டியில் பிளாஸ்டிக் மிதக்கும், ஈயம் மூழ்கும், இரண்டும் பிரிந்துவிடும். அமிலத்தைக் காரம் சேர்த்து முறிப்பார்கள். பசையைச் சோடா கொண்டு பக்குவப்படுத்திச் சுழல் உலையில் இடுவார்கள். புகை வெளியே போகுமுன் துணிப்பைகள் வழியே வடிகட்டப்படும். தொழிலாளிக்கு முகமூடி, வேலை முடிந்ததும் குளியல், இரத்தச் சோதனை. கசடைக் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவுக் குழிக்கு லாரி ஏற்றி அனுப்பவேண்டும். பழைய ஈயம் இப்படித் திரும்பத் திரும்பப் புதுப் பாட்டரியாகலாம். தேயாத பொருள் அது. நான் ஆலைக்குப் பகைவன் அல்ல. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற ஆலை நாட்டுக்கு வேண்டியதுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். எந்திரம், துணிப்பை, முகமூடி, குளியலறை, இரத்தச் சோதனை, லாரி வாடகை, குழிக் கட்டணம், சர்க்காருக்கு வரி. இத்தனைச் செலவையும் புதர் உலைக்காரன் மிச்சம் பிடிக்கிறான். அந்த மிச்சத்திலிருந்து கிள்ளிக் கொடுத்ததுதான் நமக்கு வந்த இருநூறு ரூபாய். அதாவது, உலையடியில் நிற்கும் கூலிக்காரனுக்கு வாங்கித் தர வேண்டிய முகமூடியின் காசு அது. பக்கத்துக் குடிசைக் குழந்தையின் மூச்சில் சேராமல் தடுத்திருக்க வேண்டிய துணிப்பையின் காசு அது.

ஈயம் உடம்பில் என்ன செய்யும்? அது சுண்ணாம்புச் சத்தைப் போல வேடம் போட்டு உள்ளே நுழைகிறது. எலும்பு ஏமாந்து அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே பல வருஷம் தங்குகிறது. பெண் கருவுற்றால், சிசுவுக்கு எலும்பு கட்ட உடம்பு சுண்ணாம்பை எடுக்கும்போது கூடவே ஈயமும் கிளம்பிச் சிசுவுக்குப் போகிறது. இரத்தம் ஊறுவதைக் கெடுக்கும், வயிற்றைப் பிசையும், அதிகமானால் மணிக்கட்டு தொங்கிப்போகும். குழந்தைக்கோ மூளையைத் தாக்கும். பெரியவர் உடம்பு உறிஞ்சுவதைப் போல் நாலைந்து மடங்கு குழந்தை உடம்பு உறிஞ்சும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த சோறு தின்கிற குழந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நல்ல சாப்பாடு கிடைத்தவன் பிள்ளைக்கு ஒரு பங்கு என்றால், கஞ்சி குடித்தவன் பிள்ளைக்கு இரண்டு பங்கு. நஞ்சுகூட ஏழையைப் பார்த்துத்தான் பாய்கிறது. ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றும் பழைய தண்டனையைப் பற்றி மேடைகளில் கேட்டிருக்கிறோம். இது மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் ஊற்றுவது, அவ்வளவுதான் வேற்றுமை.

"அதெல்லாம் டாக்டர்கள் பயமுறுத்துவது" என்று எவராவது சொன்னால், அவரை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அழைத்துப் போங்கள். செனகல் நாட்டின் தலைநகரம் டாக்கர். அதன் புறநகர் தியாரோய். மரக்காணத்துக் குப்பங்களைப் போலவே கடலோர மணல் பூமி. அங்கே சில கொல்லர்கள் 1995 முதல் பழைய பாட்டரியை உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். உடைத்த தூள் மணலோடு கலந்து கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. 2007-ல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறியது. வியாபாரிகள் வந்து, "அந்த மண்ணையே விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்" என்றார்கள். மண்ணுக்குக் காசா! பெண்கள் முறம் எடுத்துக்கொண்டு போய் மணலைச் சலித்தார்கள். சலித்ததை மூட்டை கட்டி வீட்டில் வைத்தார்கள். குழந்தைகள் அந்தத் தூசியில் விளையாடின. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் செத்தன.

முதலில் வேறு நோய் என்றுதான் நினைத்தார்கள். பிறகு மற்றக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். இரத்தத்தில் ஈயத்தை அளக்கும் கணக்கில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே அது எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே இருந்தாலும் தீங்கில்லை என்று அது சொல்லவில்லை. தியாரோயில் சோதித்த 50 குழந்தைகளின் சராசரி 129. உச்சம் 600-ஐத் தாண்டியது! அந்தத் தாய்மார்கள் செய்த குற்றம் என்ன? நாம் இருநூறு ரூபாய்க்குக் கை நீட்டியதைப் போல அவர்களும் மண்ணுக்குக் கிடைத்த காசுக்குக் கை நீட்டினார்கள்.

நம் நாடு எப்படி? சென்னைப் பள்ளிகளில் படித்த 3 வயது முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியாயிற்று. சராசரி 11.4. பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ல் நாடு முழுதும் நின்றுபோன பிறகு எடுத்த கணக்கு இது. உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடிக் குழந்தைகளுக்கு, இரத்தத்தில் ஈயம் 5-க்கு மேல் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2020-ல் அறிக்கை விட்டது. அதில் 27 கோடிக்கு மேல் இந்தியக் குழந்தைகள்! எல்லாம் பாட்டரியால் வந்தது என்று அடித்துப் பேசமாட்டேன். சுவர்ச் சாயம், கலப்பட மஞ்சள், கெட்ட பாத்திரம் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. ஆனால் உலகில் பயன்படும் ஈயத்தில் 100-க்கு 85 பங்கு பாட்டரிக்குத்தான் போகிறது என்னும்போது, கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாவித் துவாரத்தை அடைத்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

இதில் மரக்காணத்துக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். விசேஷம் இருக்கிறது. ஈயத்தின் உப்புகள் சாதாரணத் தண்ணீரில் லேசில் கரையமாட்டா. கடும் உவர்நீரில் கரையும். ஈயக் கசட்டிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கச் செறிந்த உப்புக் கரைசலையே பயன்படுத்தும் முறை ஒன்று தொழிலில் உண்டென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் பாட்டரியை உடைத்துக் கொட்டினால் நஞ்சு மண்ணில் கிடக்கும். பாத்தி வரப்பிலோ உவர்நீர் வாய்க்காலிலோ கொட்டினால், நாமே அதைக் கரைத்து, வெயிலில் காய்ச்சி, ஊருக்கெல்லாம் மூட்டை கட்டி அனுப்பும் வேலையைச் செய்தவர்களாவோம். உணவு உப்பில் ஈயம் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. ஒரு சோதனையில் வரம்பு மீறியது என்று செய்தி வந்தால் போதும். மரக்காணம் உப்பு என்ற பெயரே சந்தையில் விலை போகாது. அன்று நஷ்டம் யாருக்கு? குத்தகைக்காரர் வேறு தொழிலுக்குப் போவார். வாரு பலகை பிடித்தவன் எங்கே போவான்? பக்கத்துக் கழுவெளி ஏரியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்லது, பறவைகள் வாழட்டும். அதே நீரில் கால் வைத்து நிற்கிற மனிதரையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

இன்னொன்று குப்பத்துத் தோழர்களுக்கு. வலையின் அடிக்கயிற்றில் ஈயக் குண்டு கோக்கிறோம். உலகத்தில் பல கடற்கரைகளில் மீனவர்கள் பழைய ஈயத்தை வீட்டு முற்றத்திலேயே உருக்கி அந்தக் குண்டை வார்க்கிறார்கள். பாட்டரித் தகடு கையில் கிடைத்தால் அதுவும் சட்டிக்குப் போகிறது. சோறு ஆக்குகிற அடுப்பு, விளையாடுகிற பிள்ளை, எதிர்க் காற்று. அந்த வழக்கம் நம் வாசலில் எங்கே இருந்தாலும் இன்றோடு நிற்க வேண்டும். குண்டு கடையில் வாங்குவோம். அதற்குக் காசு கூடத்தான் ஆகும். கூட்டுறவுச் சங்கம் மொத்தமாக வாங்கிக் கொடுக்கட்டும் என்று கேட்போம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக இருக்கிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளிக்கு வந்தால் சர்க்காருக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியல் ஒன்று போட்டது. அதில் முதல் வரியே ஈய நஞ்சுதான். ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்கிற இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. நாலு பேர் நிற்கும் புதர் உலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. நோய்ப் பட்டியலை வைத்துக்கொண்டார்கள். ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் 20 என்றும் 40 என்றும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள்! யாருக்காக இந்தத் தாராளம்? ஆபத்தான தொழில் என்று சர்க்கார் அறிவிக்கை செய்தால் ஒரே ஆள் வேலை செய்யும் இடத்திலும் சட்டம் பாயலாம் என்று அதே சட்டத்தில் ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தில் நுழைந்து ஈயம் உருக்குவதற்கு அறிவிக்கை கொண்டுவரச் செய்வது தொழிற்சங்கங்களின் வேலை.

பாட்டரிக்கென்றே தனி விதி 2001-ல் வந்தது. விற்கிற கடைக்காரர் பழையதைத் திரும்ப வாங்க வேண்டும். செய்கிற கம்பெனி, விற்றதில் 100-க்கு 90 அளவுக்காவது மூன்றாம் ஆண்டுக்குள் திரும்பச் சேகரிக்கும் நிலைக்கு வரவேண்டும் என்றது. காகிதத்தில் கம்பீரமான விதி. பழைய இரும்புக்காரரின் சைக்கிள் அதற்குள் அகப்படவே இல்லை. 2022 ஆகஸ்டில் அந்த விதிக்குப் பதிலாகப் புது விதி போட்டார்கள். இப்போது பொறுப்பு முழுவதும் உற்பத்தியாளர் தலையில் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறை என்ன? மறுசுழற்சி ஆலை இவ்வளவு ஈயம் மீட்டேன் என்று கணக்குக் காட்டிச் சான்று பெறும். பாட்டரிக் கம்பெனி அந்தச் சான்றை விலைக்கு வாங்கித் தன் கடமை தீர்ந்தது என்று சொல்லிக்கொள்ளும். அந்த ஈயம் மரக்காணத்திலிருந்து வந்ததா, எங்கிருந்து வந்ததா என்ற கேள்வி அதில் எழுவதில்லை. நகரத்தில் லேசாகக் கிடைப்பதைச் சேர்த்துக் கணக்கை முடித்துவிட்டு, குப்பத்துப் பாட்டரியைக் குப்பத்தோடு விட்டுவிடலாம். இதே சான்று முறையில் பிளாஸ்டிக் துறையில் ஆறு லட்சம் போலிச் சான்றுகள் இருந்ததை 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. பாட்டரிக்குக் காவல் இன்னும் பலமாக இருக்கும் என்று நம்ப என்ன ஆதாரம்?

ஆகவே சர்க்காரைக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. புதிய பாட்டரி வாங்கும்போதே ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்துக்கொள்ளட்டும். பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வரட்டும். புதர் உலைக்காரன் கொடுக்கிற இருநூறைக் காட்டிலும் அந்த முன்பணம் பெரிதாக இருக்கவேண்டும். அப்போது யாரும் யாருக்கும் உபதேசம் செய்யத் தேவையில்லை. பாட்டரி தானாகக் கடைக்கு நடந்து வரும். முன்பணத்தைச் சுமக்க முடியாத ஏழைக்கு? முதல் தடவைக்கு அதைக் கம்பெனி ஏற்கட்டும். பத்து நாள் விளம்பரச் செலவு குறைந்துபோனால் கம்பெனி ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

பழைய இரும்புக்காரரைப் போலீசிடம் பிடித்துக் கொடுப்பதால் எதுவும் தீராது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகாரிகளுக்குச் சட்டம் அமல் செய்வது என்றால் முதலில் நினைவு வருவது சைக்கிளைப் பறிமுதல் செய்வதுதான். சந்து பொந்தெல்லாம் அறிந்தவர், எடை அறிந்தவர், நாணயம் காத்தால்தான் அடுத்த முறை அந்தத் தெருவுக்குள் வர முடியும் என்று அறிந்தவர் அவர். அவருக்கு அடையாள அட்டை கொடுங்கள். உடைக்காத பாட்டரியை முழுசாகக் கொண்டுவந்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று கம்பெனியின் கூலி கொடுங்கள். மரக்காணத்தில் ஒரு சேகரிப்பு இடம் வையுங்கள். பதிவு பெற்ற ஆலைகளின் பட்டியல் வாரியத்திடம் இருக்கிறது. அந்த ஆலையின் வண்டி மாதம் ஒருமுறை வந்து அள்ளிக்கொண்டு போகட்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈயத்துக்கு இரத்தச் சோதனையை இலவசமாகச் செய்யுங்கள். பாத்தி மண்ணையும் வாய்க்கால் நீரையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சோர்ந்து கேட்கிற தோழருக்கு மொம்பாசாவைக் காட்டுகிறேன். அதே இந்துமாக் கடலின் அக்கரையில், கென்யா நாட்டின் துறைமுக நகரம் அது. அங்கே ஓவினோ உஹுரு என்ற ஏழைக் குடியிருப்பின் மதிலை ஒட்டி 2007-ல் பாட்டரி ஈயம் உருக்கும் ஆலை வந்தது. அதில் உத்தியோகம் பார்த்த பிலிஸ் ஓமிடோ என்ற பெண்மணியின் கைக்குழந்தைக்கு நோய் கண்டது. சோதித்தால் இரத்தத்தில் ஈயம். வேலையை உதறிவிட்டுக் குடியிருப்பு மக்களைத் திரட்டினார். மிரட்டினார்கள், கைது செய்தார்கள், அவர் விடவில்லை. 2014-ல் ஆலை மூடப்பட்டது. 2020-ல் நீதிமன்றம் அந்த மக்களுக்கு 130 கோடி ஷில்லிங் நஷ்டஈடு தீர்ப்பளித்தது. இடையில் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. விடாமல் போராடி, 2024 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆலை வந்ததிலிருந்து பதினேழு வருஷம். கெட்ட பிறகு திருத்த அவ்வளவு காலம் பிடிக்கிறது. நமக்கு இன்னும் கெடாமல் காக்க வேண்டிய கட்டம்.

அதுவரை வீட்டு மூலையில் கிடக்கிற பெட்டியை என்ன செய்வது? உடைக்காதீர்கள், துளையிடாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். பிள்ளைகள் கைபடாத இடத்தில், மழை படாமல், மரப்பலகையின் மேலோ பழைய பிளாஸ்டிக் தட்டின் மேலோ நிமிர்த்தி வையுங்கள். இரண்டு முனைகளையும் டேப் ஒட்டி மூடுங்கள்; ஒரு கம்பித் துண்டு குறுக்கே விழுந்தால் பொறி பறக்கும். வீங்கிய பெட்டியின் மேல் எதையும் அடுக்காதீர்கள். அமிலம் கசிந்தால் வெறுங்கையால் துடைக்காமல், ஆப்ப சோடாவையோ சுண்ணாம்பையோ தூவுங்கள், நுரை அடங்கட்டும். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டரிக் கடையிலோ உலையிலோ வேலை செய்கிற தோழர்கள் கைகழுவாமல் பீடி பற்ற வைக்க வேண்டாம். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டாம். அந்தச் சட்டையை மற்றத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம். புது பாட்டரி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து, கழித்த தொகையை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மரக்காணத்துக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. வருகிற உப்புப் பருவம் தொடங்குமுன் தெருத் தெருவாகப் போய், எந்தக் குப்பத்தில், எந்த உப்பளக் கொட்டகையில், எத்தனை செத்த பாட்டரி கிடக்கிறது என்று நோட்டில் குறித்து வாருங்கள். எங்காவது உடைத்த ஓடும் கறுத்த மண்ணும் கண்டால் தொடாமல் இடத்தை மட்டும் எழுதுங்கள். அந்த நோட்டோடு விழுப்புரம் போய் மாவட்ட ஆட்சியரைப் பார்ப்போம்.